செம்பட்டையும் மஞ்சட்பட்டையும்: நீலகிரியிலும் ஜாவாவிலும் இரு சின்கோனாச் சிற்றினங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் குயினைன், ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாயகமாகக் கொண்ட சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் டச்சு அரசு ஜாவாவிலும் இம்மரத்தைப் பயிரிட்டன. நீலகிரியிலும் டார்ஜிலிங்கிலும் தொடக்கத்தில் செம்பட்டைச் சின்கோனா பெரிதும் போற்றப்பட்டது. ஜாவாவில் லெட்ஜர் சின்கோனா என்னும் மஞ்சட்பட்டை வகை முதன்மை பெற்றது. பின்னதில் குயினைன் மிகுதி என்பதால் ஜாவா வென்றது, நீலகிரி தோற்றது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறுவது வழக்கம். இவ்விரு சிற்றினங்களை ஒப்பிட்டோர் ஒரே அளவுகோலைக் கொண்டு அளக்கவில்லை என்பதையும், அளவுகோல் மாறுந்தோறும் 'சிறந்த மரம்' எது என்பதற்கான விடையும் மாறியது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சின்கோனா, குயினைன், நீலகிரி, நடுவட்டம், ஜாவா, ஆல்கலாய்டு, காலனிய வேளாண்மை, மலேரியா

1. முன்னுரை

வால்பாறையை அடுத்துள்ள ஓர் ஊர்ப்பகுதி இன்றும் 'சின்கோனா' என்றே அழைக்கப்படுகிறது. கசப்பு மிகுந்த 'கொய்னா' மாத்திரையைப் பற்றிய நினைவு முதியோர் பேச்சில் இன்னும் மறையவில்லை. ஆயினும் அம்மருந்தைத் தந்த மரம் எது, எங்கிருந்து வந்தது, ஏன் தமிழக மலைகளில் நடப்பட்டது என்னும் வினாக்கள் தமிழில் விரிவாக ஆராயப்படவில்லை. தேயிலை, காப்பி ஆகியவற்றின் வரலாற்றுக்குக் கிட்டிய கவனம் சின்கோனாவுக்குக் கிட்டவில்லை.

சின்கோனா என்பது ஒரு மரத்தின் பெயரன்று. ஒரு பேரினத்தின் பெயர். லென்னார்ட் ஆண்டர்சன் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டு ஆய்வு இப்பேரினத்தில் 23 சிற்றினங்களைக் குறிக்கிறது. அவற்றுள் மருந்துக்காகப் பெருமளவில் பயிரிடப்பட்டவை சிலவே. அச்சிலவற்றுள்ளும் இரண்டு, காலனியப் பேரரசுகளின் மருத்துவக் கொள்கையோடு நெருங்கிய தொடர்புடையவை. ஒன்று, சின்கோனா சக்கிருப்ரா என்று அன்று அழைக்கப்பட்ட செம்பட்டைச் சின்கோனா. மற்றொன்று, சின்கோனா லெட்ஜெரியானா என்று அழைக்கப்பட்ட மஞ்சட்பட்டை வகை. இன்றைய வகைப்பாட்டில் முன்னது சின்கோனா பியூபசென்ஸ் என்னும் சிற்றினத்துள்ளும் பின்னது சின்கோனா கலிசாயா என்னும் சிற்றினத்துள்ளும் அடங்கும். தொட்டபெட்டாவின் உயர்ந்த சரிவுகளில் பயிரிடப்பட்ட சின்கோனா அஃபிசினாலிஸ் என்னும் மூன்றாம் சிற்றினம், ஒப்பீட்டிற்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் சுட்டப்பெறும்.

2. தாவரவியல் நோக்கில் இரு சிற்றினங்கள்

சின்கோனா, ரூபியேசி குடும்பத்தைச் சார்ந்தது. தமிழ்நிலத்து வெட்சியும் நுணாவும், தமிழக மலைகளில் வேரூன்றிய காப்பியும் இக்குடும்பத்தனவே. எதிரெதிர் அமைந்த இலைகள், குழல்வடிவப் பூக்கள் முதலிய பண்புகள் இவ்வுறவைக் காட்டும்.

செம்பட்டைச் சின்கோனா விரைந்து ஓங்கி வளர்வது. இலை அகன்றது, அடிப்புறத்தில் மென்மயிர் உடையது, முதிர்ந்து உதிரும் பருவத்தில் சிவப்பது. பூக்கள் இளஞ்சிவப்பு நிறத்தன, நறுமணம் உடையன. பட்டையை வெட்டியவுடன் கசியும் சாறு காற்றுப்பட்டுச் சிவக்கும். சக்கிருப்ரா என்னும் இலத்தீன் பெயர் 'செஞ்சாறு உடையது' என்னும் பொருளில் இப்பண்பினால் அமைந்ததாகும். லெட்ஜர் வகையோ மெல்லிய வளர்ச்சி உடையது. அதன் இலை குறுகியது, பூக்கள் சிறியன, வெண்மையும் வெளிர்மஞ்சளும் கலந்த நிறத்தன.

மருந்தியல் நோக்கில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. சின்கோனாப் பட்டையில் குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்னும் நான்கு ஆல்கலாய்டுகள் முதன்மையானவை. செம்பட்டையில் இவற்றின் மொத்த அளவு போதியது. ஆயினும் அதில் குயினைனின் பங்கு சிறிது, சின்கோனிடின் முதலியவற்றின் பங்கு பெரிது. லெட்ஜர் வகையில் குயினைனே பெரும்பங்கு. செம்பட்டையில் குயினைன் பொதுவாக நூற்றுக்கு 1 முதல் 3 பங்காக இருக்க, தேர்ந்தெடுத்த லெட்ஜர் மரங்களில் அது 10 பங்கையும் கடந்தது.

நிலத்தோடு கொள்ளும் உறவிலோ நிலை தலைகீழாகிறது. செம்பட்டை வளங்குன்றிய மண்ணையும் தாங்கும், வேர் வலியது, வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். லெட்ஜர் வகைக்குக் கன்னிக்காட்டு மண் வேண்டும், நீர் தேங்கலாகாது, உறைபனி ஆகாது, வேர்நோய் எளிதில் தாக்கும். சுருங்கக் கூறின், ஒன்று எங்கும் வளர்ந்து குறைவாகக் குயினைன் தருவது; மற்றொன்று அரிதாக வளர்ந்து நிறையக் குயினைன் தருவது. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்வேறுபாட்டைச் சுற்றியே அமைகிறது.

இங்கு ஒரு வரையறையும் கூறுதல் வேண்டும். சின்கோனாப் பூக்கள் இருவகைப்படும். ஒரு மரத்தின் பூக்களில் சூல்தண்டு நீண்டும் மகரந்தத்தாள் குறுகியும் அமையும். மற்றொரு மரத்தின் பூக்களில் இது மாறி அமையும். இவ்வமைப்பு அயல்மகரந்தச் சேர்க்கைக்கு வழிவகுக்கிறது. எனவே அருகருகே நடப்பட்ட சிற்றினங்கள் எளிதில் கலந்தன. நீலகிரியிலும் இலங்கையிலும் செம்பட்டைக்கும் அஃபிசினாலிசுக்கும் இடையே தோன்றிய கலப்பினம் 'ரோபஸ்டா' எனப் பெயர்பெற்றது. ஆகவே அன்றைய ஆவணங்களில் காணப்படும் சிற்றினப் பெயர்களைத் தூய இனங்களின் பெயர்களாக எப்போதும் கொள்ள இயலாது.

3. குயினைன் அளவுகோலாதல்

ஆண்டிஸ் மலைமக்களிடமிருந்தும் ஏசு சபையினரிடமிருந்தும் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த சின்கோனாப் பட்டை, நெடுங்காலம் பொடியாகவே உண்ணப்பட்டது. பட்டையின் தரத்தை நிறம், முறியும் தன்மை, கசப்பு ஆகியவற்றால் வணிகர் மதித்தனர். செம்பட்டை, மஞ்சட்பட்டை, சாம்பற்பட்டை என்னும் வணிகப் பெயர்கள் அவ்வாறு எழுந்தவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்பட்டை ஐரோப்பிய மருத்துவரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தது.

1820ஆம் ஆண்டு பாரிசில் பெல்லத்தியே, கவந்து ஆகிய இருவரும் பட்டையிலிருந்து குயினைனையும் சின்கோனினையும் பிரித்தெடுத்தனர். இதன்பின் பட்டையின் மதிப்பைக் கண்ணும் நாவும் தீர்மானிக்கவில்லை. வேதியியற் பகுப்பாய்வே தீர்மானித்தது. பட்டை மருந்து என்ற நிலை மாறி, மருந்தைத் தன்னகத்தே கொண்ட மூலப்பொருள் என்ற நிலை வந்தது. தூய குயினைன் அளவிட எளியது; மாத்திரையாக்க எளியது; விலை கூற எளியது. ஏனைய மூன்று ஆல்கலாய்டுகளும் காய்ச்சலைத் தணிக்குமா என்னும் வினா ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பின்தள்ளப்பட்டது. இப்பின்னணியை மனங்கொள்ளாமல் நீலகிரியில் நிகழ்ந்த தேர்வினை விளங்கிக்கொள்ள இயலாது.

4. நீலகிரியில் செம்பட்டை

இந்தியாவில் படைவீரர்க்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் வேண்டிய குயினைனுக்காகப் பெருந்தொகை செலவாகிவந்தது. இதனைத் தவிர்க்கும் பொருட்டு, சின்கோனாச் செடிகளையும் விதைகளையும் திரட்டும் பொறுப்பு 1859ஆம் ஆண்டு கிளமென்ட்ஸ் மார்க்கமிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பணியைப் பகுத்தார். மஞ்சட்பட்டைக் கலிசாயாவைத் தேடித் தென்பெருவின் காரபாயாப் பகுதிக்கு அவரே சென்றார். சாம்பற்பட்டை வகைகளைத் திரட்டப் பிரிட்செட் நியமிக்கப்பட்டார். செம்பட்டையைத் திரட்டும் பணி, தென்னமெரிக்கக் காடுகளில் பல்லாண்டு உழைத்த தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூசிடம் விடப்பட்டது.

மார்க்கம் திரட்டிய கலிசாயாச் செடிகள் செங்கடல் வெப்பத்தையும் நெடும்பயணத்தையும் தாங்காமல் பெரும்பாலும் மடிந்தன. உடல்நலங் குன்றிய நிலையிலும் ஸ்புரூஸ், ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்கலைஞரின் துணையுடன், இக்குவடோரின் சிம்போராசோ மலைச்சரிவில் 1860ஆம் ஆண்டு திரட்டிய செம்பட்டை விதைகளும் செடிகளும் உயிரோடு வந்து சேர்ந்தன. ஆகவே நீலகிரியில் செம்பட்டை முந்தியதற்கு முதற்காரணம் தேர்வன்று. எது பயணத்தைத் தாங்கியது என்பதே. உயிர்பிழைக்கும் வலிமை என்னும் தாவரப் பண்பு, கொள்கை வகுப்பதற்கு முன்னரே கொள்கையைத் தீர்மானித்துவிட்டது எனலாம்.

உதகமண்டலம் அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் இம்முயற்சிக்குப் பொறுப்பேற்றார். தொட்டபெட்டாச் சரிவிலும், மேட்டுநிலத்தின் வடமேற்கு விளிம்பில் கூடலூர் செல்லும் வழியில் அமைந்த நடுவட்டத்திலும் சோலைக்காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவாயின. உயரம் மிகுந்த தொட்டபெட்டாவில் அஃபிசினாலிசும், அதனினும் தாழ்ந்த நடுவட்டத்தில் செம்பட்டையும் செழித்தன. 1863ஆம் ஆண்டளவில் மெக்ஐவர் ஒரு புதுமுறையைக் கண்டார். மரத்தை வீழ்த்தாமல் பட்டையை நீள்வாட்டில் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினால் பட்டை மீண்டும் வளரும். அவ்வாறு வளர்ந்த பட்டையில் ஆல்கலாய்டும் கூடும். மீண்டும் மீண்டும் தழைக்கும் இயல்புடைய செம்பட்டைக்கு இம்முறை நன்கு பொருந்தியது.

இத்தோட்டங்களின் உழைப்பு வரலாறு தனியே ஆராயத்தக்கது. நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்தில் அடைக்கப்பட்டுச் சின்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டனர். தண்டனைக்காலம் முடிந்தபின் அவர்களுட் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அவ்வட்டாரத்திலேயே தங்கினர். அவர்தம் வழித்தோன்றல்களைக் கண்டு எட்கர் தர்ஸ்டன் எழுதிய குறிப்பு, 1909ஆம் ஆண்டு வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் அவரது தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

5. நான்கு ஆல்கலாய்டுகளும் ஒரு கேள்வியும்

செம்பட்டையில் குயினைன் குறைவு என்பதை நீலகிரி நிர்வாகம் அறியாமல் இல்லை. இலண்டனில் குயினைன் உற்பத்தியாளரும் வேதியியலாளருமான ஜான் எலியட் ஹோவர்டு, இந்தியப் பட்டைகளைத் தொடர்ந்து பகுப்பாய்வு செய்துவந்தார். அவருடைய முடிவுகள் சிற்றினங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. எனவே எழுந்த வினா, குயினைன் குறைந்த மரத்தால் பயன் என்ன என்பதே.

இவ்வினாவிற்கு விடைகாண 1866ஆம் ஆண்டு ஏற்பாடு செய்யப்பட்டது. சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டு, நான்கு ஆல்கலாய்டுகளும் காய்ச்சல் நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுக்கப்பட்டுப் பயன் ஒப்பிடப்பட்டது. மலேரியா ஒட்டுண்ணியை லாவெரான் கண்டது 1880ஆம் ஆண்டிலும், கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் மெய்ப்பித்தது 1897ஆம் ஆண்டிலுமே ஆகும். எனவே அன்றைய மருத்துவர் குருதியை நோக்கவில்லை. காய்ச்சல் தணிந்ததா என்பதை மட்டுமே நோக்கினர். இவ்வரம்புக்கு உட்பட்டு, ஏனைய மூன்று ஆல்கலாய்டுகளும் காய்ச்சலைத் தணிப்பதில் குயினைனுக்குப் பெரிதும் பின்தங்கியன அல்ல என்னும் முடிவுக்கு அக்குழுக்கள் வந்தன. ஒரே மரத்தின் பல ஆல்கலாய்டுகளை இவ்வளவு விரிந்த அளவில் நோயாளிகளிடத்து ஒப்பிட்ட தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இம்முடிவு செம்பட்டையின் மதிப்பை மாற்றியது. குயினைனை அளவுகோலாகக் கொண்டால் தாழ்ந்த மரம், மொத்த ஆல்கலாய்டை அளவுகோலாகக் கொண்டால் தாழ்ந்ததன்று. எளிதில் வளர்வது, மீண்டும் தழைப்பது, மொத்த ஆல்கலாய்டு போதியது என்னும் மூன்றும் சேர்ந்து, ஏழைகளுக்கான மலிவான மருந்துக்கு அதுவே ஏற்ற மரம் என்னும் கருத்தை உருவாக்கின. அதே 1866ஆம் ஆண்டு நீலகிரித் தோட்டங்களுக்கு வேதியியலாளராக நியமிக்கப்பட்ட ஜான் பிராட்டன், மொத்த ஆல்கலாய்டுகளையும் ஒருசேரப் பிரித்து 'உருவற்ற குயினைன்' என்னும் மருந்தை உருவாக்கினார். டார்ஜிலிங்கில் செம்பட்டையிலிருந்து இதனையொத்த 'சின்கோனா காய்ச்சல்மருந்து' 1870களின் நடுவிலிருந்து தயாரிக்கப்பட்டது.

இரு முயற்சிகளும் இருவேறு முடிவை எய்தின. டார்ஜிலிங் மருந்து நிலைத்தது. நீலகிரி மருந்தின் உற்பத்திச் செலவு மிகுதி எனக் கருதப்பட்டு, பிராட்டன் 1874ஆம் ஆண்டு விலகியதோடு அம்முயற்சி கைவிடப்பட்டது. நீலகிரிப் பட்டை இலண்டன் ஏலச் சந்தைக்குச் சென்றது. அங்கு வாங்குவோர் குயினைன் உற்பத்தியாளர்கள். அவர்கள் விலை கொடுத்தது குயினைனுக்கு மட்டுமே. நீலகிரியில் செம்பட்டை தோற்றது எனின், அது மருத்துவமனையில் தோற்கவில்லை; சந்தையில் தோற்றது என்பதே பொருந்தும். மொத்த ஆல்கலாய்டுக்காக வளர்க்கப்பட்ட மரத்தின் பட்டை, குயினைனை மட்டுமே மதிக்கும் சந்தையில் விற்கப்பட்டமையே அத்தோல்வியின் காரணம்.

6. ஜாவாவில் மஞ்சட்பட்டை

டச்சு அரசின் முயற்சி பிரிட்டிஷ் முயற்சிக்கு முந்தியது. 1850களின் தொடக்கத்தில் ஹாஸ்கார்ல் தென்னமெரிக்காவிலிருந்து செடிகளையும் விதைகளையும் ஜாவாவுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற யுங்ஹூன், நன்கு வளர்ந்த ஒரு வகையைப் பெருக்கினார். பாகுடியானா என்று பெயரிடப்பட்ட அவ்வகை பத்து இலட்சத்தைக் கடந்த எண்ணிக்கையில் நடப்பட்டது. பகுப்பாய்வில் குயினைன் மிகக் குறைவு எனத் தெரியவந்து பயனற்றதாயிற்று. நன்கு வளரும் மரத்தைத் தேர்ந்தெடுத்தமையால் ஜாவா முதலில் கண்டது தோல்வியே.

இதன் பின்னரே லெட்ஜர் விதைகள் வந்தன. பெருவிலும் பொலிவியாவிலும் வணிகம் செய்துவந்த சார்லஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேயரிடம் மனுவேல் இன்க்ரா மமானி என்னும் பொலிவியப் பழங்குடியினர் பணியாற்றினார். நல்ல பட்டை தரும் மரங்களைக் கண்டறிவதில் மமானி தேர்ந்தவர். சிவப்புச் சாயலுள்ள சிறந்த கலிசாயா மரங்களின் விதையைத் திரட்ட அவர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். உறைபனி பூக்களைக் கருக்கியதால் விதை முற்றவில்லை. 1865ஆம் ஆண்டு முற்றிய விதையுடன் நெடுந்தொலைவு நடந்துவந்து லெட்ஜரிடம் ஒப்படைத்தார். மீண்டும் விதை தேடிச் சென்றபோது அவர் பிடிபட்டுச் சிறையில் அடியுண்டு, அதன் விளைவாக இறந்தார் என்று லெட்ஜர் பதிவுசெய்துள்ளார். மரம் பின்னர் லெட்ஜர் பெயரைப் பெற்றது. தேர்ந்தெடுத்தவர் பெயரைப் பெறவில்லை.

இலண்டனில் இருந்த லெட்ஜரின் தம்பி இவ்விதைகளை விற்க முயன்றபொழுது பிரிட்டிஷ் அரசு வாங்க முன்வரவில்லை. டச்சு அரசு ஏறத்தாழ ஒரு பவுண்டு விதையைச் சிறு தொகைக்கு வாங்கியது. எஞ்சிய விதை இந்தியத் தொடர்புடைய தோட்டக்காரர் ஒருவர் வழியாக இந்தியாவிற்கே வந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. எனவே 'ஆங்கிலேயர் கைவிட்டதை டச்சுக்காரர் பெற்றனர்' என்னும் பரவலான கூற்று முழுமையானதன்று. இரு நாட்டினரிடமும் விதை இருந்தது. வேறுபட்டது அதனைக் கையாண்ட முறை.

ஜாவாவில் வான் கோர்கோம் பொறுப்பில் ஏறத்தாழ 20,000 நாற்றுகள் முளைத்தன. பாகுடியானா கற்பித்த பாடத்தால் அங்குப் பகுப்பாய்வு தோட்டப் பணியின் பகுதியாகியிருந்தது. வேதியியலாளர் மூன்ஸ், 1872ஆம் ஆண்டு முதல் மரங்களைத் தனித்தனியே ஆராய்ந்து, குயினைன் மிகுந்த மரங்களைக் குறித்து, ஏனையவற்றை நீக்கினார். கலப்பினத்தைத் தவிர்க்கும் பொருட்டுத் தேர்ந்த மரங்கள் பிற சிற்றினங்களிலிருந்து தொலைவில் நடப்பட்டன. தலைமுறைதோறும் தேர்வு தொடர, குயினைன் அளவு உயர்ந்தது. இன்று 'லெட்ஜெரியானா' என்று நாம் அறியும் மரம் பொலிவியக் காட்டில் இருந்தவாறே வந்ததன்று. மமானியின் கண்ணும் மூன்ஸின் ஆய்வுக்கூடமும் சேர்ந்து வடித்தது.

7. மஞ்சள் தண்டும் செம்பட்டை வேரும்

லெட்ஜர் வகையின் குறை நீங்கவில்லை. அதன் வேர் மெலிந்தது. காட்டை அழித்த புதுநிலம் கிடைக்கும்வரை செழித்தது. பழைய நிலத்தில் வாடியது. இக்குறையைப் போக்க ஜாவாத் தோட்டங்கள் கண்ட வழி ஒட்டுக் கட்டுதல். செம்பட்டைச் செடியை வேர்ச்செடியாகக் கொண்டு, தேர்ந்த லெட்ஜர் மரத்தின் குச்சியை அதன்மேல் ஒட்டினர். நிலத்தைப் பற்றும் வலிமையைச் செம்பட்டையும் குயினைனை லெட்ஜர் வகையும் தந்தன. இம்முறை நிலைபெற்ற வேளாண் வழக்கமாயிற்று. விதையால் பெருக்கும்போது ஏற்படும் கலப்பையும் இது தவிர்த்தது.

இரு சிற்றினங்களையும் எதிரெதிர் நிறுத்தி வெற்றி தோல்வி கூறும் வரலாற்றை இச்செய்தி ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. ஜாவாவின் புகழ்பெற்ற தோட்டங்களிற் பல செம்பட்டை வேரின்மேல் நின்றன. சந்தைக்கு வந்தது மஞ்சட்பட்டை ஆதலால், சந்தைக் கணக்குகளில் அதன் பெயரே பதிவாகியது. மண்ணுள் இருந்த செம்பட்டைக்குத் தனி விலை இல்லை. ஆதலால் அக்கணக்குகளில் இடமும் இல்லை.

8. வீழ்ச்சியும் மீள்பார்வையும்

1869ஆம் ஆண்டு இலங்கையில் தோன்றிய காப்பி இலைத்துரு நோய், அங்குள்ள தோட்டக்காரரைச் சின்கோனாவின்பால் திருப்பியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் உழைப்பால் பெரும்பரப்பில் செம்பட்டையும் அஃபிசினாலிசும் நடப்பட்டன. 1880களின் நடுவில் இலங்கைப் பட்டை ஏற்றுமதி உச்சத்தை எட்டியது. இலங்கைப் பட்டையும் ஜாவாப் பட்டையும் ஒருசேரக் குவிய, விலை வீழ்ந்தது. வீழ்ந்த விலையில் குயினைன் குறைந்த பட்டைக்கு இடமில்லாது போயிற்று. இலங்கைத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. டார்ஜிலிங் தோட்டங்களிலும் லெட்ஜர் வகை படிப்படியாகச் செம்பட்டையின் இடத்தைப் பிடித்தது.

விலைவீழ்ச்சி ஒருவகையில் ஏழைகளுக்கு உதவியது. வங்காளத்தில் 1892ஆம் ஆண்டு முதல் சிறு பொட்டலங்களாகக் குயினைன் அஞ்சல் நிலையங்களில் மலிவாக விற்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நடுவட்டத்தில் அரசின் குயினைன் தொழிற்சாலையும் இயங்கியது. ஆனால் மலிவு நிலைக்கவில்லை. 1913ஆம் ஆண்டு ஜாவாத் தோட்டக்காரரும் குயினைன் உற்பத்தியாளரும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆம்ஸ்டர்டாமில் இயங்கிய கினா பணியகத்தின் வழியாக உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகச் சின்கோனாப் பட்டையில் மிகப் பெரும்பங்கு ஜாவாவினுடையது. ஒரு சிற்றினத்தின் தேர்ந்த மரங்கள் ஒரு தீவில் குவிந்தமை, விலையைத் தீர்மானிக்கும் ஆற்றலையும் அங்கேயே குவித்தது.

1930களில் உலக நாடுகள் சங்கத்தின் மலேரியா ஆணையம், ஏழை நாடுகளுக்கு ஏற்ற மருந்தாக 'டோட்டாகுவினா' என்பதை முன்வைத்தது. பட்டையின் மொத்த ஆல்கலாய்டுகளையும் கொண்ட இம்மருந்தில் படிகமாகும் ஆல்கலாய்டு நூற்றுக்கு 70 பங்கும், அதனுள் குயினைன் குறைந்தது 15 பங்கும் இருத்தல் வேண்டும் என வரையறுக்கப்பட்டது. செம்பட்டையும் ரோபஸ்டாவும் இதற்கு ஏற்ற மூலப்பொருள்கள். 1866ஆம் ஆண்டுக் குழுக்களின் முடிவு, ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்குப்பின் பன்னாட்டு மருத்துவக் கொள்கையாக மீண்டும் எழுந்தது என்பது இதனாற் பெறப்படும்.

1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படைகள் ஜாவாவைக் கைப்பற்றியபொழுது நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து அறுந்தது. அந்நிலையில் அமெரிக்கா மீண்டும் ஆண்டிஸ் காடுகளுக்குத் தாவரவியலாளரை அனுப்பிக் காட்டுப்பட்டையைத் திரட்டியது, டோட்டாகுவினாவும் பயன்படுத்தப்பட்டது. போருக்குப்பின் குளோரோகுயின் முதலிய செயற்கை மருந்துகள் பரவ, இரு சிற்றினங்களின் போட்டியும் பொருளிழந்தது.

செம்பட்டையின் வலிமைக்குப் பிற்காலத்தில் மற்றொரு முகமும் வெளிப்பட்டது. 1940களில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் சாந்தா குரூஸ் தீவில் நடப்பட்ட இம்மரம், இன்று அத்தீவின் உயர்நிலத்துத் தனித்தாவரங்களை நெருக்கும் ஆக்கிரமிப்புத் தாவரமாகக் கருதப்படுகிறது. எளிதில் வளர்வதும் வெட்ட வெட்டத் தழைப்பதும் தோட்டத்தில் நற்பண்புகள். காட்டில் அவையே கேடாகின்றன. ஒரு தாவரப் பண்பின் மதிப்பு இடத்தையும் நோக்கத்தையும் சார்ந்தது என்பதற்கு இதுவும் சான்றாகும்.

9. தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவதாக, நீலகிரியில் செம்பட்டை முதன்மை பெற்றதற்கு அறியாமை காரணமன்று. பயணத்தைத் தாங்கிய வலிமை முதற்காரணம். மொத்த ஆல்கலாய்டுகளும் பயனுடையன என்னும் மருத்துவச் சான்று அதனை நிலைநிறுத்திய காரணம்.

இரண்டாவதாக, ஜாவாவின் வெற்றி ஒரு பவுண்டு விதையால் மட்டும் விளைந்ததன்று. மரந்தோறும் பகுப்பாய்வு, தொடர்ந்த தேர்வு, கலப்பினத் தவிர்ப்பு, செம்பட்டை வேரில் ஒட்டுக் கட்டுதல் ஆகியன சேர்ந்து விளைத்தது. இந்தியாவிற்கும் அதே விதை வந்தது என்பது இதனை உறுதிப்படுத்தும்.

மூன்றாவதாக, இரு சிற்றினங்களுக்கிடையேயான ஒப்பீடு தாவரவியல் ஒப்பீடாக மட்டும் என்றும் இருந்ததில்லை. ஓர் ஏக்கரில் எவ்வளவு குயினைன் என்று கேட்டவர்க்கு லெட்ஜர் வகையும், எத்தனை நோயாளிகளுக்கு எவ்வளவு மலிவாக மருந்து என்று கேட்டவர்க்குச் செம்பட்டையும் விடையாயின. இரண்டாம் கேள்வி 1866ஆம் ஆண்டிலும் 1930களிலும் தெளிவாகவே எழுப்பப்பட்டது. நீலகிரியைப் பொறுத்தவரை, அதற்குக் கிட்டிய விடையை இலண்டன் ஏல விலை பின்தள்ளியது.

நான்காவதாக, தமிழக மலைத்தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், பயிரின் பெயரோடு நின்றுவிடாமல் அதன் சிற்றினத்தையும் கருதுதல் வேண்டும். 'சின்கோனாத் தோட்டம்' என்னும் ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு உயரம், வெவ்வேறு அறுவடை முறை, வெவ்வேறு உழைப்பு, வெவ்வேறு சந்தை அடங்கியுள்ளன. நடுவட்டத்துச் செம்பட்டையும் தொட்டபெட்டாவின் அஃபிசினாலிசும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தும் ஒரே வரலாற்றை உடையன அல்ல. தோட்ட அறிக்கைகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் சிற்றின அடிப்படையில் இணைத்து வாசிக்கும் ஆய்வு, மருந்து யாருக்காக வளர்க்கப்பட்டது, யாரைச் சென்றடைந்தது என்னும் இரு வினாக்களுக்கும் இன்னும் நுண்ணிய விடை தரும்.